மாரெத்தின் பெயரில் இருந்தவர்

ரொஸ் மாரெத் என்பதை அவருடைய பெயராக நான் முதன்முதலில் கேட்டது எழுபத்தைந்தாம் வருடம், அறுவடைக்குக் கொஞ்சம் முன்பு, எங்கள் கிரகோர் கூட்டுச் சமையலறை வாசலில். அந்தப் பெயர் எனக்குப் புதிதல்ல. என் பெரியப்பாவுக்கு நான்கு பிள்ளைகள். கடைசிப் பையன் மாரெத், எனக்கு அண்ணன். கம்பொங் ஸ்பூ பக்கம் பனையேறிக்கொண்டிருந்தவனைப் பிடித்துப் பழைய அரசாங்கத்துப் பட்டாளத்தில் போட்டு, குடும்பத்தோடு தலைநகரத்துக்குக் கொண்டுபோனார்கள். முந்தைய வருடம் குண்டு பட்டுச் செத்தான். நான் கிரகோருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. சாவுச் செய்தி மட்டும்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

அன்றைக்குத் தலைநகரத்திலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். பெயர் கூப்பிட்டால்தான் முன்னால் வர வேண்டும். "ரொஸ் மாரெத், பனையேறி. பெண்டாட்டி மாலிஸ். பொட்டப்புள்ள ஒண்ணு" என்று காவல்காரன் வாசித்தான். நிமிர்ந்து பார்த்தேன். மாலிஸ் என் அண்ணியேதான். அவள் இடுப்பில் இருந்தது அண்ணன் பிள்ளை கனிதா. கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றவர் மட்டும் யாரோ. மாலிஸ் என்னைப் பார்த்துவிட்டுத் தெரியாதவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மூன்று கிண்ணத்திலும் கஞ்சியை ஊற்றினேன்.

இரண்டு நாள் கழித்துக் குளத்தங்கரையில் அவளைத் தனியாகப் பிடித்தேன்.

"என்ன அண்ணி இது?"

"சத்தம் போடாத. தண்ணிய மோந்துக்கிட்டே கேளு. கோர்ட்டுல எழுத்து வேலை பாத்தவரு. அவரு பொஞ்சாதியையும் ரெண்டு பசங்களையும் கூட்டத்துல வேற ரோட்டுப் பக்கம் தள்ளிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு நாளா கனிதாவ அவருதான் தூக்கிட்டு வந்தாரு. சோதனைச் சாவடியில பட்டாளத்தான் பொஞ்சாதி ஒரு பக்கம், உத்தியோகக்காரன் ஒரு பக்கம்னு பிரிச்சாங்க. அந்தப் பக்கம் போனவங்க யாரும் திரும்பல. இவரு கையைப் புடிச்சு, இதுதான் எம்புருஷன், பனையேறின்னு சொல்லிட்டேன்."

"எங்கண்ணன் பேரையா தூக்கிக் குடுத்த?"

"வேற எந்தப் பேரு எனக்குத் தெரியும்?"

பனையேற அவருக்கு அவள்தான் கற்றுக்கொடுத்தாள், கீழே நின்றுகொண்டு. மூங்கில் ஏணியைக் கட்டுவது, பாளையை இடுக்கியில் நசுக்குவது, சீவுவது எல்லாம். முழங்கால் தோல் உரிந்து சீழ் வைத்தாலும் ஏறினார். பதநீர் ஒழுங்காக இறங்கியது. 'அமைப்பு' என்று தங்களைச் சொல்லிக்கொண்டு ஊரை ஆண்ட புதிய ஆட்களுக்கு அது போதும் என்றுதான் நினைத்தோம்.

ஆனால் அவர்களுக்கு வாழ்க்கைக் கதை வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, பிறந்தது முதல் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்வார்கள். பழைய கதையோடு ஒத்துப் பார்ப்பார்கள். வேவு பார்க்கிற ஹோர் என்ற தோழர் அதற்கென்றே இருந்தார், மெதுவாகப் பேசுகிற மனிதர். மூன்றாம் முறை சொல்லும்போதுதான் எழுத்தருடைய புத்தி வெளியே வந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஆள் "செவலைப் பசு செத்த வருஷம் கல்யாணம் பண்ணேன்" என்பான். இவர் கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர்போல நாள், மாதம், வருடம் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் ஹோர் சமையலறைக்கு வந்தார். நான் கருவாட்டு விழுது அரைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மாரெத் உன் ஊர்க்காரன்தானே, தோழர்?"

"எங்க பெரியப்பா மகன்."

"பனையேறிக்குத் தேதி எதுக்கு? அதிகாரி மாதிரி ஒப்பிக்கிறான்."

எனக்குக் கை நின்றுவிட்டது. பிறகு சிரிப்பு வந்தது, எங்கிருந்து வந்ததோ தெரியாது. "உங்ககிட்டயும் ஆரம்பிச்சுட்டானா? சின்ன வயசுல பனையிலருந்து விழுந்து மண்டையில அடி, தோழர். அதுலருந்து அப்படித்தான். எரும கன்னு போட்டதக் கேட்டாலும் தேதி சொல்லுவான். ஊர்ல தேதிக்காரன்னுதான் கூப்புடுவாங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க."

மறுநாள் ஹோர் கேட்டுப் பார்த்தார். நான் அன்று சாயங்காலமே குளத்தங்கரையில் சொல்லி வைத்திருந்ததால் அண்ணன் பெயரில் இருந்தவர் தேதி சொன்னார். எருமை, மழை, பாம்பு கடித்த நாய், எல்லாவற்றுக்கும். அன்றிலிருந்து அவர் அந்த ஊரின் கோமாளி. "டேய் தேதிக்காரா, எனக்குப் பல்லு விழுந்தது என்னிக்குடா?" என்று காவல்காரர்கள் அவர் தலையில் தட்டுவார்கள். தெரியாவிட்டாலும் ஒரு தேதி சொல்ல வேண்டும். சும்மா வாயை மூடிக்கொண்டால் அன்றைக்கே முடிந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் அப்படிப் பிழைத்தார். அவருடைய கண் மட்டும் சிரித்ததே இல்லை.

எழுபத்தொன்பதில் அமைப்பின் ஆட்கள் ஓடிப்போன பிறகுதான் ஒன்று தெரிந்தது. யார் யாரை என்றைக்குப் பிடித்துக்கொண்டு போனார்களோ அத்தனை நாளும் அவர் மனதில் இருந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். "அண்ணே, எம்மவன என்னிக்குக் கூட்டிட்டுப் போனாங்க?" அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சொன்ன பிறகு அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

புரட்டாசிவாக்கில் எங்களுக்குப் பிச்சும் பென் வரும், இறந்தவர்களுக்குச் சோறு படைக்கிற பதினைந்து நாள். விகாரையில் பெயரை வாசித்தால்தான் அவரவருக்குச் சோறு போய்ச் சேரும். ஏழு விகாரை தேடியும் தன் பெயர் கேட்காத ஆவி பசியோடு திரும்பிப் போய்ச் சபிக்கும். ஊரில் எல்லார் வீட்டுச் சாவுக்கும் பெயர் வாசித்தார்கள். என் அண்ணனுக்கு மட்டும் வாசிக்க முடியவில்லை. அந்தப் பெயரில் ஒருவர் உயிரோடு பனையேறிக்கொண்டிருக்கிறாரே. உயிரோடு இருப்பவன் பெயரைச் செத்தவர்களோடு வாசித்தால் அவனைச் சாவுக்கு அழைப்பதுபோல.

"நான் மாரெத் இல்லைன்னு சொல்லிடுறேன்" என்று அவர் ஒரு முறை தொடங்கினார். மறு வாரமே புது அரசாங்கத்து ஆட்கள் வந்து எல்லோரையும் மறுபடி வாழ்க்கைக் கதை எழுதச் சொன்னார்கள். பழைய பயத்தில் அவர் ரொஸ் மாரெத், பனையேறி என்றே சொல்லிவிட்டு வந்தார்.

மாலிஸுக்குத்தான் தூக்கம் போயிற்று. "கூட்டுச் சமையலறை வரிசையில உங்கண்ணன் கிண்ணத்தோட நிக்கிறாரு. எல்லாரையும் கூப்புடுறாங்க, அவர மட்டும் கூப்புடல. என்னையே பாக்குறாரு" என்பாள். பத்து வருடம் இதே கனவு. எண்பத்தொன்பதில் அவளுக்கு வயிறு வீங்கி வைத்தியர் கைவிட்ட பிறகு, "செத்தா அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்று அழுதாள்.

அந்த வருடப் பிச்சும் பென்னில், விகாரை நிறைய ஆட்கள் இருக்கும்போது, பெயர் வாசிக்கிற ஆச்சாரிடம் அவர் போய் நின்றார்.

"ரொஸ் மாரெத்துன்னு ஒரு பேர் சேத்துக்குங்க."

"அது உங்க பேராச்சே."

"என் பேரு இல்ல. செத்தவரு பேரு. நான் கடன் வாங்கினது."

பின்னால் ஒருத்தி கிசுகிசுத்தாள்: "பாவம், மண்டையில பட்ட அடி." கூட்டம் சிரித்தது. ஆச்சாரும் பரிவோடு அவர் தோளைத் தட்டி உட்காரச் சொன்னார். நான் சொன்ன பொய் அத்தனை பலமாக வேர்விட்டிருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எழுந்து நிற்க எனக்கும் பயம்தான். புது அரசாங்கத்துக் கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் தூண் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவரு எந்த மரத்துலருந்தும் விழல" என்றேன். "நான்தான் அப்படிச் சொன்னேன். மாரெத் எங்கண்ணன். அவன் எழுபத்துநாலுலயே செத்துட்டான்."

ஆச்சார் தாளை எடுத்தார். அண்ணன் பெயரை எழுதினார், வாசித்தார். மாலிஸ் உட்கார்ந்தபடியே சோற்றுத் தட்டை முன்னால் தள்ளினாள்.

"அப்ப உங்கள என்னன்னு கூப்புடுறது?" என்று ஆச்சார் அவரைக் கேட்டார்.

"எம்பொஞ்சாதி உயிரோட இருந்தா, எங்கயாவது ஒரு விகாரையில செத்தவங்களோட என் பேரையும் வாசிக்கச் சொல்லிக்கிட்டு இருப்பா. அது அங்கயே இருக்கட்டும்."

கமிட்டி ஆட்கள் ஒரு முறை வந்து விசாரித்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். அதன்பின் வரவில்லை. பிடித்துப்போக வருகிறார்களோ என்று ஒவ்வொரு மாட்டுவண்டிச் சத்தத்துக்கும் அவர் எழுந்து உட்காருவது மட்டும் நிற்கவில்லை. மாலிஸ் அந்த அறுவடைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவருடைய சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது அவருக்கு வயது எண்பத்துநான்கு. கிரகோர் சந்தைக்குப் பின்னால் கனிதா வீட்டில் இருக்கிறார்.