ரீபா நிறுத்துப் பார்த்த ஈயக்குண்டுகள்

சேரன்மகாதேவி அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவரின் மகள் ரீபா. வேதியியல் படித்துவிட்டு, அம்பாசமுத்திரத்தில் வயல் மண்ணைப் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் ஒப்பந்தச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள். ஞாயிறுதோறும் பஸ் மாறி ராதாபுரம் போவாள். அங்கே பனங்காட்டுக்கு நடுவே ஏர் ரைஃபிள் மன்றத்தின் மைதானம். கல்லூரி என்.சி.சி.யில் பிடித்த பைத்தியம், முப்பத்திரண்டு வயதிலும் தெளியவில்லை.

போன வருடம் மன்றம் முதன்முறையாக ஐம்பது மீட்டர் போட்டிக்கு நான்கு பேரை அனுப்ப முடிவெடுத்தது. செயலாளர் காந்திமதிநாதன், பழைய பண்ணையார் வீட்டுப் பிள்ளை, ஒரு விதி போட்டார்: வெளிநாட்டுக் குண்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே தேர்வு. அந்தக் குண்டு ஒரு டப்பா ஆயிரத்து இருநூறு ரூபாய். ரீபா வாங்கும் உள்ளூர் டப்பா இருநூற்றைம்பது.

குறி பார்க்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, பையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்கள். வாசலில் நின்று ஆள் பிரிக்கிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் இந்த ஒரு கேள்விதான் தெரியும்.

"ஏம்மா, உன் குண்டு பத்து மீட்டருக்குச் சரி. ஐம்பதுல அது பாட்டுக்கு மேய்ச்சலுக்குப் போயிரும்" என்றார் அவர்.

"நாம டப்பாவையா சுடுதோம் அண்ணாச்சி? குண்டத்தான சுடுதோம்."

"நல்லா கேளு தாயி" என்றான் பைக் மெக்கானிக் மகாராஜா. அவனும் இருநூற்றைம்பது ரூபாய் ஆசாமிதான்.

ரீபா நான்கு வகை உள்ளூர் டப்பாக்கள் வாங்கினாள். தட்டைத் தலைக் குண்டுகள் முப்பது மீட்டர் தாண்டியதும் சிதறின, ஒதுக்கினாள். உருண்டைத் தலை வகைகளில் நெருக்கமாக விழுந்த ஒன்றைத் தேர்ந்தாள். அதிலும் ஒரே டப்பாவுக்குள் கனம் வேறு, லேசு வேறு. நகைக்கடையின் பழைய தராசு ஒன்றை மலிவு விலைக்கு வாங்கி, டப்பாவில் இருந்த ஐந்நூறு குண்டுகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தாள். விளிம்பு நசுங்கியதைக் கழித்தாள். ஒரே எடையில் முந்நூற்றுப் பத்து தேறியது. மிச்சம் பத்து மீட்டர் பயிற்சிக்கு.

ஆயுத பூஜை முடிந்த ஞாயிறு, எல்லார் முன்னாலும் காந்திமதிநாதனிடம் கேட்டாள்: "உங்க துப்பாக்கி, உங்க கை. ரெண்டு கிண்ணம். எது யாரு குண்டுன்னு மகாராஜாவுக்கு மட்டும் தெரியும். சுட்டுப் பாத்துட்டு விதி போடுங்க."

மறுத்தால் மானம் போகும். காந்திமதிநாதன் துப்பாக்கியோடு தரையில் குப்புறப் படுத்தார். மகாராஜா வாய் திறக்காமல் குண்டு ஏற்றிக் கொடுத்தான். முதல் கிண்ணத்துப் பத்தும் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. இரண்டாவது கிண்ணத்துப் பத்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின.

"பாத்தியளாவே! இதுதான் வெளிநாட்டுச் சரக்கு" என்று எழுந்தார்.

"அது ரீபா குண்டு அண்ணாச்சி" என்றான் மகாராஜா.

மைதானம் அதிரச் சிரித்தது. "ஏலே, ஏமாத்துதியா?" என்று அவர் பாய்ந்தார். ரீபா அவருடைய டப்பாவிலிருந்து ஒரு குண்டைக் கவிழ்த்துக் காட்டினாள். பின்பக்கக் குழிக்குள் குங்குமமும் சந்தனமும் காய்ந்து கிடந்தன. பூஜையன்று குண்டுகளைத் தாம்பாளத்தில் கொட்டி, சந்தனத்தைக் குழைத்துத் தெளித்திருந்தார். தராசில் வைத்தபோது பத்துக் குண்டும் பத்து எடை காட்டின.

"உங்க குண்டு மட்டமில்ல அண்ணாச்சி. பூஜைக்கு முன்னால நல்லாத்தான் இருந்திருக்கும்."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். "சரிம்மா, நீயும் தேர்வுக்கு வா."

"நான் மட்டுமில்ல. விதியையே எடுத்துட்டேன்னு பலகையில எழுதிப் போடுங்க."

எழுதினார்.

அடுத்த ஞாயிறு பதினோரு பேர் தேர்வுக்கு நின்றார்கள். அவர்களில் ஏழு பேர் உள்ளூர் டப்பாக்காரர்கள். காற்றாலைகள் சுழலத் தொடங்கியிருந்தன. ரீபா மன்றத்தின் பொதுத் துப்பாக்கியை எடுத்தாள். பனையோலை அடங்கும்போது மட்டும் விசையைத் தொட்டாள். நாற்பது குண்டில் முப்பத்தாறு இலக்கின் கறுப்பு வட்டத்துக்குள்.

முடிவுப் பட்டியலைச் செயலாளர்தான் வாசிக்க வேண்டும். தொண்டையைச் செருமினார். "முதலிடம், ரீபா."

"காதுல விழல அண்ணாச்சி!" என்று கத்தினான் நான்காம் இடத்துக்காரன் மகாராஜா.

காந்திமதிநாதன் இன்னும் சத்தமாக, இரண்டாவது முறையும் வாசித்தார்.