நாலாவது நிமிடத்தில் மூச்சு இல்லை

அவருக்குத் தொழில் பல் செய்வது. பிடுங்குவதும் அடைப்பதும் மருத்துவர்கள் பாடு. அவர்கள் நோயாளியின் வாயில் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து, பிளாஸ்டரில் தாடை வார்த்து, மெழுகில் அளவு பார்த்து, கடைசியில் பீங்கானில் பல் செய்து கொடுப்பது இவர் வேலை. பத்தொன்பது வருடமாக ஒரே கூடம், ஒரே மேசை, ஒரே ஜன்னல். இவர் செய்த பற்களோடு ஊரில் எத்தனையோ பேர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் இவரைத் தெரியாது.

ஜாஸ் இசை இவரிடம் வந்ததும் பல் வழியாகத்தான். ஹோட்டல் வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசிக்கும் ஒருவர் மாடிப்படியில் விழுந்து முன்பல் இரண்டை உடைத்துக்கொண்டார். புதுப் பல் பார்க்க அழகாக இருந்தது, ஊதினால் மட்டும் சுரம் நழுவியது. நான்கு தடவை மாற்றிக் கொடுத்துச் சலித்துப்போன மருத்துவர், ஆளையே பல் கூடத்துக்கு அனுப்பிவிட்டார். அவர் வாத்தியத்தோடு வந்து உட்கார்ந்தார். இவர் பல்லின் உள்விளிம்பைக் கொஞ்சம் தேய்ப்பார், அவர் ஊதிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். மறுபடியும் தேய்ப்பு. மூன்று பிற்பகல்கள் இப்படிப் போயின. மூன்றாம் நாள் நீளமாக ஒரு சுரத்தைப் பிடித்தவர் அதை விடவே இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் அரைக்கும் இயந்திரங்களை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். போகும்போது பையிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதைப் போட்டுக் கேட்க வீட்டில் ஒன்றும் இல்லை. தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்க வீடு வீடாகப் போகும் கணவர், யாரோ பரணில் போட்டு வைத்திருந்த ரெக்கார்ட் பிளேயர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அதற்குப் பிறகு வருடத்துக்கு வருடம் அலமாரி நிறைந்தது. "எல்லாருக்கும் காதால கேக்கும், எங்க வீட்டம்மாவுக்குப் பல்லால கேக்கும்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார் கணவர். அதில் உண்மையும் இருந்தது. ஊதுபவரின் பல், உதடு, தாடை எல்லாம் இவருக்கு ஒலியிலேயே தெரிந்தன.

மகள்தான் இவரை இணையத்தில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டாள். "சும்மா எங்க ரெண்டு பேரையே போட்டுப் படுத்தாதம்மா. உன்ன மாதிரி பைத்தியங்க நானூறு பேரு அங்க இருக்காங்க." குழுவின் பெயர் 'பித்தளைப் பொழுது'. யாரும் சொந்தப் பெயரில் இல்லை. ஒருவர் ஓர் இசைத்தட்டைப் பகிர்வார், மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்வார்கள், சண்டை போடுவார்கள், மறுநாள் சமாதானமாகிவிடுவார்கள். இவர் எழுதிய முதல் கருத்து இரண்டே வரி: 'இந்த டிரம்பெட்காரருக்கு மேல்வரிசை முன்பல்லில் இடைவெளி இருக்க வேண்டும். மேலே போகும்போது காற்று ஓரமாகக் கசிகிறது.' யாரோ தேடிப் பிடித்து அந்தக் கலைஞரின் பழைய புகைப்படத்தைப் போட்டார்கள். வாய் நிறையச் சிரிப்பு, நடுவில் தீக்குச்சி நுழையும் சந்து. அன்றோடு இவர் பெயர் 'பல்லக்கா' ஆயிற்று.

ஏழு வருடம் எழுதினார். வேலை முடிந்து வந்து, முகத்தில் ஒட்டிய பிளாஸ்டர் தூளைக் கழுவி, சமையலை ஏறக்கட்டிவிட்டு உட்கார்ந்தால் ஒரு தட்டுக்கு ஒரு பக்கமாவது எழுதுவார். பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். தான் எழுதுவதை நானூறு பேர் காத்திருந்து படிக்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிய விஷயம்.

அந்தக் குழுவில் கிடைத்தவள்தான் மாத்திரை. மருந்துக் கடை வைத்திருந்ததால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டவள். இரண்டு பேருந்து மாறினால் அவள் கடை. ஆறு வயது இளையவள், 'அக்கா, அக்கா' என்று உயிரை விடுவாள். ஞாயிற்றுக்கிழமை கையில் இரண்டு இசைத்தட்டுகளோடு வருவாள், போகும்போது வேறு இரண்டை எடுத்துப் போவாள். சாப்பிட்டுவிட்டு இருவரும் தரையில் காலை நீட்டிக்கொண்டு கேட்பார்கள். பேச்சு இசையிலிருந்து குடும்பத்துக்குப் போகும், குடும்பத்திலிருந்து மறுபடி இசைக்கு வரும். தன் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்த மத்தியானம், செய்தியைக் கேட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து காதில் ஒரு மெதுவான சாக்ஸபோன் பாட்டை வைத்துக்கொண்டு அழுததைப் பல்லக்கா கணவரிடம்கூடச் சொன்னதில்லை. மாத்திரையிடம் சொன்னார்.

குழுவை ஆரம்பித்தவர் பெயர் தொப்பி. முகப்புப் படத்தில் முகத்துக்குப் பதில் ஒரு தொப்பிதான் இருக்கும். நிறையப் படித்தவர், பல்லக்காவின் கருத்துகளுக்குக் கீழே எப்போதும் ஒரு கைகூப்பு போடுவார். ஒரு நாள் அவர் ஓர் ஒலிப்பதிவைப் பகிர்ந்தார். 'யாரென்று தெரியாத டிரம்பெட் கலைஞர். ஒரே ஒரு தட்டுதான் வந்திருக்கிறது. நம் பல்லக்கா சொல்லட்டும், இவர் வாய் எப்படி இருந்திருக்கும்?'

பல்லக்கா ஒன்பது தடவை கேட்டார். சத்தம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் நாலாவது நிமிடத்தில் எதுவோ இடறியது. மாத்திரையைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏம்மா, நாலாவது நிமிஷத்துல மூச்சே இல்ல, கவனிச்சியா? ஐம்பது செகண்டு இழுக்குறாரு. மனுஷன் எங்கேயாவது மூச்சு வாங்கணும்ல?"



"சில பேரு கன்னத்துல காத்த அடக்கி வச்சுக்கிட்டு மூக்கால மூச்சு இழுப்பாங்களேக்கா. நீங்கதான எனக்கே சொல்லிக் குடுத்தீங்க."

"அது சரி. ஆனா கன்னத்துக் காத்து வரும்போது சத்தம் ஒரு துளி மாறும். இதுல மாறல. எனக்கு என்னமோ ஒட்டல. தெரியலன்னு எழுதிடட்டுமா?"

"அய்யய்ய, அப்படியெல்லாம் எழுதாதீங்க. பழைய பதிவுக்கா, அந்த நுணுக்கமெல்லாம் அதுல எங்க கேக்கும்? எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. தைரியமா போடுங்க."

பல்லக்கா தைரியமாகப் போட்டார். கீழ்த்தாடை சற்று முன்தள்ளிய மனிதர், மேல்பற்கள் நெருக்கமானவை, நடுவயதைத் தாண்டி வாசித்தது என்று இரண்டு பக்கம். சந்தேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாராட்டுகள் வந்து குவிந்தன.

ஒன்பதாம் நாள் தொப்பி எழுதினார்: 'நண்பர்களே, மன்னிக்கவும். இதை வாசித்தது என் கணினி. தாடையும் இல்லை, பல்லும் இல்லை.' கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். நூற்றைத் தாண்டியும் நிற்கவில்லை. 'கணினிக்கும் பல் கட்டிவிட்டாரே' என்றார் ஒருவர். 'கீழ்த்தாடை முன்தள்ளிய கணினி' என்றார் இன்னொருவர்.

பல்லக்காவின் காது மடல்வரை சூடேறியது. ஆனாலும் அவரே ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டு, 'நல்லா ஏமாந்தேன்' என்று எழுதினார். விளையாட்டு விளையாட்டுதான், பெரிதாக எடுத்துக்கொண்டால் அசிங்கம் என்று நினைத்தார். அன்று சாயங்காலம் மாத்திரை கூப்பிட்டு ஒரு மணி நேரம் ஆறுதல் சொன்னாள். "விடுங்கக்கா, எனக்கே வயிறு எரியுது. அந்த ஆளுக்கு மனசாட்சியே கிடையாது" என்றாள். அந்த ஆறுதலைக் கேட்டுப் பல்லக்கா நன்றாகத் தூங்கினார்.

இரண்டு வாரம் கழித்து, கூடத்தில் டீ குடிக்கும் நேரத்தில், மாத்திரையிடமிருந்து கைபேசிக்கு ஒரு படம் வந்தது. புதிதாக வாங்கிய இசைத்தட்டின் உறையை அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். வந்தது உறை அல்ல. ஏதோ உரையாடலின் படம். மேலே 'உள்வட்டம்' என்று தலைப்பு. பதினொரு பேர். தொப்பி இருந்தார், தெரிந்த பெயர்களாகவே இருந்தன. நடுவில் மாத்திரை எழுதிய வரி:

'நாலாவது நிமிஷத்துல மூச்சு இல்லைன்னு கண்டுபிடிச்சிட்டாங்க. நான் சமாளிச்சிட்டேன். நாளைக்குப் போட்டுடுவாங்க, பாருங்க.'

கீழே தொப்பியின் கைகூப்பு.

பல்லக்கா அதை இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை படிப்பதற்குள் படம் அழிக்கப்பட்டுவிட்டது. 'தப்பா வந்துடுச்சுக்கா, பாக்கலையே?' என்று செய்தி வந்தது. அவர் டம்ளரைக் கழுவி வைத்தார். மேசைக்குப் போய், பாதியில் விட்ட கடைவாய்ப் பல்லை முடித்து, பெட்டியில் வைத்துப் பெயர் எழுதினார். பிறகு மேற்பார்வையாளரிடம் சொல்லிக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போனார்.

மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்க ஓர் அம்மாள் நின்றிருந்தாள். அவள் போகும்வரை பல்லக்கா ஓரமாக நின்றார்.

"அக்கா, உக்காருங்க. தண்ணி…"

"அந்த உள்வட்டம் எத்தன நாளா இருக்கு?"

"அக்கா, அது சும்மா…"

"எத்தன நாளா?"

"நாலு வருஷம்."

பல்லக்காவின் மனதுக்குள் நாலு வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

"என்னப் பத்தி மட்டுமா பேசுவீங்க?"

"எல்லாரப் பத்தியும்தான். ஆரம்பத்துல எதுக்கோ சிரிச்சாங்க, நானும் சிரிச்சிட்டேன். அப்புறம் வெளிய வர முடியல. வந்தா என்னையும் அந்தப் பக்கம் வச்சுப் பேசுவாங்கன்னு பயம்." மாத்திரையின் கண் கலங்கியது. "உங்க மேல எனக்கு இருக்கற பிரியம் பொய்யில்லக்கா."

"எங்கம்மா செத்தன்னிக்கு நான் வராந்தாவுல உக்காந்து அழுதேனே. அதுவும் அங்க போச்சா?"

மாத்திரை கல்லாவின் மேலிருந்த மருந்து அட்டைகளை நேராக அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கி முடித்த பிறகும் நிமிரவில்லை.

"சரி" என்றார் பல்லக்கா. குரல் உயரவில்லை. "ஒண்ணே ஒண்ணு செய். எனக்கு சந்தேகம் வந்துச்சு, உங்கிட்ட சொன்னேன்னு குழுவுல ஒரு வரி எழுது. அவங்கள மாட்டிவிட வேணாம். உன்னப் பத்தியும் நான் ஒண்ணும் சொல்லல. எனக்குக் காது கேக்கும்னு மட்டும் சொன்னாப் போதும்."

"கண்டிப்பா எழுதறேன்க்கா. சத்தியமா. நீங்க முதல்ல போடுங்க, நான் கீழயே வந்து சொல்றேன்."

அன்று சாயங்காலமே பல்லக்கா எழுதினார். 'அந்தப் பதிவின் நாலாவது நிமிடத்தில் மூச்சு இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது. நம் குழுவில் ஒருவரிடம் சொல்லவும் செய்தேன். அதை எழுதாமல் விட்டது என் தப்பு.'

முதலில் வந்தவர் தொப்பி. 'பல்லக்கா, ஆட்டம் முடிந்த பிறகு வந்து கோல் போடுகிறீர்களே!' மறுபடி சிரிக்கும் முகங்கள். 'யாரிடம் சொன்னீர்கள்? அவர் வந்து சொல்லட்டுமே' என்று ஒருவர் கேட்டார். மாத்திரையின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவள் அங்கேதான் இருந்தாள், படித்துக்கொண்டுதான் இருந்தாள். பல்லக்கா கைபேசியைக் கையில் வைத்தபடியே காத்திருந்தார். கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருபது நிமிடம் ஆனதும் அந்தப் புள்ளி அணைந்தது. ஒரு வரியும் வரவில்லை.

"அந்தப் படத்த நீ ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கலாம்ல? இப்ப மூஞ்சியில அடிச்ச மாதிரி போட்டிருக்கலாம்" என்றார் கணவர்.

"கூட உக்காந்து சாப்பிட்டவளுக்கு எதிரா சாட்சி சேத்து வைக்கணும்னு எனக்கு எங்கங்க தோணுச்சு?" என்றபோதுதான் அவருக்கு அழுகை வந்தது. கணவர் வழக்கமான வேடிக்கை எதுவும் பேசவில்லை.

மறுநாள் குழுவிலிருந்து விலகினார். ஏன் போனீர்கள் என்று முகம் தெரியாத ஆறேழு பேர் தனியாகக் கேட்டு எழுதினார்கள். யார் உள்வட்டம், யார் இல்லை என்று தெரியாததால் அவர் யாருக்கும் பதில் போடவில்லை. அதுதான் அவரை அதிகம் அரித்தது. நல்ல மனதோடு கேட்டவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

மாத்திரை பல தடவை கூப்பிட்டாள். பிறகு இரவல் வாங்கியிருந்த மூன்று தட்டுகளையும் துணி சுற்றிப் பெட்டியில் வைத்து, நாலு பக்கக் கடிதத்தோடு அனுப்பினாள். கடிதத்தில் அழுகை இருந்தது, காரணங்கள் இருந்தன. குழுவில் எழுதிவிட்டேன் என்ற வரி மட்டும் இல்லை, ஏன் எழுதவில்லை என்பதும் இல்லை. பல்லக்கா தட்டுகளை அதனதன் இடத்தில் சொருகினார். கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை, மறுபடி படிக்கவும் இல்லை.

இசை கேட்பதை அவர் விடவில்லை. ஆனால் புதிய தட்டு எதையும் போடும் முன், உறையின் பின்பக்கத்தில் யார் வாசித்தது, எந்த வருடம் என்றெல்லாம் படித்துவிடுவார். முன்பெல்லாம் உறையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்கிறவர்.

போன மாதம் மகள் எங்கிருந்தோ ஓர் இசைத்தட்டு வாங்கி வந்தாள். ஜாஸ் என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறவள், தானே அதைப் போட்டு அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் முழுவதும் அசையாமல் கேட்டாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அவ்வளவுதானா? பல்லு எப்படி, தாடை எப்படின்னு ஒண்ணும் சொல்லல?"

பல்லக்கா வாயைத் திறந்தார். ஏதோ சொல்லத்தான் வந்தது. பிறகு எழுந்து போய்த் தட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீ சொல்லு. உனக்கு எப்படி இருந்துச்சு?"