திம்மப்பன் மயக்க வாயுவுக்குச் சம்மதித்த விதம்

பள்ளிச் சான்றிதழின்படி திம்மப்பன் பிறந்த ஆண்டு 1967. ஆதார் அட்டையின்படி 1969. எது சரி என்று கேட்டால், "ரெண்டையும் நம்பாதே" என்பார். நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் வாயிலில் இருபத்தாறு ஆண்டுகளாகக் காவலர். அவருடைய தந்தை அந்தப் பக்கத்திலேயே பிறர் நிலங்களில் ராகி அறுத்தவர். மகன் தலையெடுப்பதற்குள் அந்நிலங்களில் கம்பெனிகள் எழும்பிவிட்டன. அரிவாளைத் தொடாமலே அவர் காக்கிச் சட்டைக்குள் நுழைந்தார்.

லாரிக் கதவின் முத்திரையை இழுத்துப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார். சாப்பாட்டுக் கேரியரின் அடித்தட்டையும் திறக்கச் சொல்வார். ஒருமுறை மேலாளரின் காரையே சோதித்து, ஒன்றும் கிடைக்காமல், "இன்னைக்கு இல்லைங்க" என்று கதவைச் சாத்தினாராம். வீட்டிலும் அதே கண்தான். "கோயில் பிரசாதத்தையே முகர்ந்து பார்த்துட்டுத்தான் வாயில போடுவாரு" என்பது அவர் மனைவி வெங்கடம்மாவின் வாக்குமூலம்.

அப்படிப்பட்டவரும் ஒருமுறை ஏமாந்தார். 2021இல் ஓசூர் பேருந்து நிலையத்தருகே குடை விரித்து சிம் விற்றுக்கொண்டிருந்தவன், "ரேகை சரியா விழலைங்க, இன்னொரு வாட்டி வைங்க" என்றான். வைத்தார். இரண்டாம் முறை வைத்த விரலுக்கு இன்னொரு சிம் பிறந்திருக்கிறது. ஏழு மாதம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது: அவர் பெயரிலுள்ள எண்ணிலிருந்து யாரோ யாரையோ மோசம் செய்திருந்தார்கள். அந்த ஆள் தாம் அல்ல என்று நிரூபிக்க அவர் நான்கு முறை படியேறினார். அன்று முதல் எந்தக் கருவியிலும் அவர் விரல் வைத்ததில்லை. தொழிற்சாலையில் எல்லாரும் ரேகை வைத்து உள்ளே போக, அவருக்கு மட்டும் ஒரு நோட்டுப் புத்தகம்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் வலப்புறக் கடைசிக் கடைவாய்ப்பல் அவரைப் பிடித்தது. கிராம்பு வைத்தார், உப்புநீர் கொப்பளித்தார். கன்னம் வீங்கி, வாய் இரண்டு விரற்கடைக்கு மேல் திறக்காத நாளில் கம்பெனி டாக்டரிடம் போனார். அவர் ஐந்து நாள் மாத்திரை எழுதிக்கொடுத்து, "வீக்கம் வடிஞ்ச உடனே பல்லை எடுத்துடணும். இன்னொரு வாட்டி வீங்கினா தொண்டைக்கு இறங்கும், மூச்சுக்கே ஆபத்து" என்று எச்சரித்தார்.

வீக்கம் வடிந்தது. தளி சாலையிலுள்ள பல் மருத்துவர் அனுப்ரியாவிடம் வெங்கடம்மா அவரை அழைத்துப் போனாள். டாக்டர் சிறு கண்ணாடி பதித்த குச்சியை வாயருகே கொண்டுவந்ததும் திம்மப்பன் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மறுமுறையும் பிடித்தார்.

டாக்டர் குச்சியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "ஐயா, மரத்துப்போற ஊசி எப்படியும் உண்டு. அதுக்கு முன்னாடி பயம் தெளிய மூணு வழி இருக்கு. மாத்திரை போட்டுட்டு வரலாம். கூட ஆள் வரணும், அன்னைக்கு வண்டி ஓட்டக்கூடாது. மூக்குல மாஸ்க் வெச்சு கேஸ் குடுக்கலாம். முழிச்சிட்டுதான் இருப்பீங்க, நிறுத்தினா கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும். இல்லைன்னா நரம்புல ஊசி. அதுக்கு மயக்க டாக்டர் வரணும். அரைத் தூக்கம் மாதிரி இருக்கும், நடந்தது பாதி ஞாபகம் இருக்காது."

"ஞாபகம் இருக்காதா? அப்ப நீங்க என்ன செஞ்சீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அதத்தான் நானும் சொல்றேன். ரயில்ல பிஸ்கட்டு குடுத்து மயக்கறவனுக்கும் எல்லாம் தெரிஞ்சுதாம்மா இருக்கும்."

"ஏங்க, உங்க கிட்ட தூக்கிட்டுப் போவ என்ன இருக்குது? அந்தச் சொத்தைப் பல்லுதான். அதத் தூக்கத்தானே வந்திருக்கோம்" என்றாள் வெங்கடம்மா.

"நீ சும்மா இரு. டாக்டரம்மா, எனக்குப் பயமெல்லாம் இல்ல. சந்தேகம்."

"சந்தேகத்துக்கும் இதே மருந்துதான்" என்று டாக்டர் சிரித்தார். திம்மப்பன் சிரிக்கவில்லை.

வாயு உருளைகள் பூட்டிய தள்ளுவண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினார்கள். குனிந்து இரு உருளைகளின் சீட்டையும் படித்தார்; தேதி பார்த்தார்; குழாயை வாலிலிருந்து தலைவரை விரலால் தடவிக்கொண்டு போனார். ஏன் இரண்டு என்று கேட்டார். ஒன்று ஆக்சிஜன் என்றும், அது நின்றால் மற்றதும் தானாகவே நின்றுவிடும் என்றும் டாக்டர் விளக்கினார். அந்த ஏற்பாடு அவருக்குப் பிடித்திருந்தது. தம் வாயிலில்கூட அப்படி ஒன்று இல்லை.

நாற்காலியில் சாய்ந்தார். அப்போதுதான் செவிலி மேகலா, துணிக் கவ்வி போல வாய் பிளந்த ஒரு சிறு கருவியுடன் வந்தாள். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது.

"விரலக் குடுங்க ஐயா."

திம்மப்பன் இரு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டார். "அதானே பார்த்தேன்! இவ்ளோ பேச்சும் இதுக்குத்தானா?"

"ரத்தத்துல ஆக்சிஜனும் நாடித்துடிப்பும் பாக்கறதுங்க."

"குடைக்காரனும் இப்படித்தான் சொன்னான்."

"அது விரல்ல இல்லாம நான் கேஸ் குடுக்க மாட்டேன்" என்றார் டாக்டர். திம்மப்பன் எழுந்து கதவுவரை போய்ச் செருப்பில் காலை நுழைத்தார்.

வெங்கடம்மா அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து விரலை நீட்டினாள். "எனக்கு மாட்டும்மா. என் பேர்ல சிம்மு எடுத்தா எடுக்கட்டும். எனக்கு யாரு போன் பண்ணப் போறாங்க?"

கருவியில் 98 என்றும் 76 என்றும் வந்தது. டாக்டரும் மாட்டிக் காட்டினார்: 99, 82. திம்மப்பன் திரும்பி வந்தார். கருவியை வாங்கிக் கவிழ்த்து, மூடியைத் தள்ளிப் பார்த்தார். இரண்டு பேட்டரி; சிம் செருக இடமில்லை, ஒயர் இல்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, இடக்கைச் சுண்டுவிரலை மட்டும் கொடுத்தார். அதில் ரேகை தேய்ந்திருந்தது.

98. அதன் கீழே, 131.

"மெஷின் ரிப்பேர்" என்றார்.

மேகலா தன் விரலில் மாட்டினாள். 80. மறுபடியும் அவர் விரலில். 134.

"நெஞ்சு ஓட்டமா ஓடுது ஐயா. பயந்தா இப்படித்தான் காட்டும்" என்றார் டாக்டர் மெதுவாக.

வெங்கடம்மா அந்த எண்ணையும் கணவனின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "என்னாங்க இது?"

அவர் விட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பதினோரு வயதில், அத்திப்பள்ளிச் சந்தையில், குறடு வைத்திருந்த ஒருவன். தந்தை தோளை அழுத்தினார், சித்தப்பா காலில் உட்கார்ந்தார். மரத்துப்போக ஒன்றும் போடவில்லை. பல் மூன்று துண்டாக வந்தது.

"கல்யாணமாகி முப்பத்தோரு வருசமா ஒரு வார்த்தை சொல்லலியே" என்றாள் வெங்கடம்மா.

"சொல்ற விசயமா அது?"

விட்டத்திலிருந்து கண்ணை இறக்கி டாக்டரைப் பார்த்தார். பிறகு அவரே, "அந்த முழிச்சிட்டு இருக்கற கேஸே குடுங்க. ஆனா நான் கை தூக்கினா நிறுத்தணும்" என்றார்.

மூக்கில் மாஸ்க் ஏறியது. உடனே கையைத் தூக்கினார், டாக்டர் நிறுத்தினார். மறுபடியும் தூக்கினார், நிறுத்தினார். மூன்றாம் முறை, "சோதனை முடிஞ்சுதா ஐயா? வண்டிய உள்ள விடறீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது கை தொடைக்கு இறங்கியது.

எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். 118. 104. உள்ளங்காலில் வெதுவெதுப்பு ஏறியது. 93. ஊசி குத்தியது தெரிந்தது. அது வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது. 86 வரை பார்த்தது நினைவிருந்தது. அதற்கப்புறம் எண்ணைப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

"முடிஞ்சுதுங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் வெறும் ஆக்சிஜன்" என்றார் டாக்டர்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே?" பஞ்சைக் கடித்த வாயில் சொல் குழறியது.

மேகலா தட்டை நீட்டினாள். இரண்டு வேருடன் முழுப்பல். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, மரத்துப்போகாத இடப்பக்கத்திலிருந்து தொடங்கி, மற்ற பற்களையெல்லாம் நாவினால் ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. அதன்பின்தான் நாற்காலியை விட்டு இறங்கினார்.