தேவகியின் பயம்

செவ்வாய்க்கிழமை காலை காட்டுப்பாக்கம் நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது எங்கள் அலுவலகக் காவலாளி முருகேசன் கூப்பிட்டார். “சார், நம்ம தேவகியம்மா பூட்டாங்க சார். குளிச்சிட்டு வந்து நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்களாம். அவ்ளோதான்.” துக்கம் பிறகுதான் வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் வந்தது பயம். ஒரு பெண் எங்கே இருக்கிறார் என்று தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டாரே என்ற பயம். பேருந்து வந்து நின்றது. ஏறத் தோன்றவில்லை, விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் தேவகியைப் பற்றிச் சொல்ல முடியாது. பெயரை எழுத மாட்டேன். ஊரையும் தெருவையும் மாற்றித்தான் எழுதுகிறேன். நம் ஊழியர் சங்க இதழ் யார் கையில் வேண்டுமானாலும் போய்ச் சேரும்.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்குத் தேவகியைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் நிறுவனம் அரசுக்குச் சொந்தமானது. முதியோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள் என்று மாத உதவித்தொகை வாங்குகிறவர்களின் விவரமெல்லாம் எங்கள் கணினிகளில்தான் இருக்கிறது. நான் அங்கே உதவி மேலாளர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவன். தேவகி அயனம்பாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பதிவுகளைத் திருத்தும் பிரிவில் என் கீழ் வேலை பார்த்தார். கிட்டத்தட்ட என் வயதுதான்.

நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடக் கணினித் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுவார். பேருந்தில் யாராவது எங்கே வேலை என்று கேட்டால் “ஒரு கம்பெனில டைப் அடிக்கிறேன்” என்பார். அடையாள அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் கேட்டைத் தாண்டுவார். தப்பாக அச்சான தாள்களைக் கிழித்துக் குப்பையில் போட மாட்டார். கழிப்பறை வாளியில் ஊறவைத்துக் கூழாக்கிவிட்டுப் போடுவார். துப்புரவு செய்யும் அம்மா என்னிடம் வந்து சண்டை பிடித்தார். நான் கேட்டதற்குத் தேவகி சொன்னார்: “நம்ம கையில கீறது வெறும் பேரும் நம்பரும் இல்ல சார். ஒவ்வொருத்தரோட ஊட்டு வாசலு.” நானும் மற்றவர்களும் சிரித்தோம். அடுத்த நாளும் வாளியில் தாள்கள் ஊறிக்கொண்டிருந்தன.

ஒரு நாள் மதியம் ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் சிவப்புப் பையில் பழங்கள். அக்காவைத் தேடி அலைவதாகவும், அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னான். “ஒரே ஒரு தபா அம்மா மூஞ்சிய அது பாத்துடட்டும் சார், அது போதும் எனக்கு” என்று அழுதான். நிஜக் கண்ணீர். எனக்கும் ஊரில் வயதான அம்மா இருக்கிறாள். பெயரைப் போட்டுத் தேடி, கரையான்சாவடியில் ஒரு தெருவின் பெயரையும் கதவு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

தேநீர் நேரத்தில் இதைத் தேவகியிடம் பெருமையாகவே சொன்னேன். அவர் தம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போய் அந்தப் பதிவைத் திறந்தார். கணவனால் கைவிடப்பட்டவர் என்ற பிரிவில் இருந்தது. விசாரணைக் குறிப்பை விரலால் தொட்டுக் காட்டினார். பெற்றோர் உயிருடன் இல்லை, உடன்பிறந்தவர் எவருமில்லை என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதியிருந்தார்.

“கூடப் பொறந்தவங்களே இல்லன்னு போட்டுக்கீது. தம்பி எங்கேர்ந்து வந்தான்? இன்னா காரியம் பண்ணிட்ட நீ?”

அத்தனை ஆண்டுகளில் அவர் என்னை நீ என்றது அன்றுதான். அவன் கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

ஆட்டோ பிடித்தோம். மெட்ரோ வேலைக்காகச் சாலையை அடைத்து வைத்திருந்தார்கள், வண்டி ஊர்ந்தது. பதிவில் இருந்த எண்ணைத் தேவகி விடாமல் அழுத்திக்கொண்டே வந்தார். பத்துப் பன்னிரண்டு முறைக்குப் பிறகு எடுத்தார்கள்.

“அம்மா, நீ ஊட்ல கீறியா? அப்டியே வெளிய வந்துடு. ஒண்ணும் எடுக்காத. பின்னால வழி கீதா? அப்ப பின்னாலயே போ. யாருன்னு அப்புறம் சொல்றேன். உன்னத் தேடிகினு ஆளு வருது, ஓடு!”

நாங்கள் தெருமுனையை அடைந்தபோது அந்த வீட்டு வாசலில் பைக் நின்றது. சிவப்புப் பை அதன் கைப்பிடியில் தொங்கியது. அவன் கத்தவில்லை, கதவை உடைக்கவில்லை. விரல் மடக்கி மெதுவாகத் தட்டிக்கொண்டு, “அம்மு, கதவத் தொற அம்மு” என்று கொஞ்சிக்கொண்டிருந்தான். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

பின்தெருவில் ஒரு தையல் கடைத் திரைக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றிருந்தார். ஒரு காலில்தான் செருப்பு. தேவகி அவரை ஆட்டோவுக்குள் இழுத்து உட்கார வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க எறங்குங்க. எங்க போறோம்னு உங்களுக்குத் தெரியக் கூடாது.” கெஞ்சவும் இடம் தரவில்லை. என்னை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஆட்டோ போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

பெரிய சாலைக்கு நடந்து வந்து நின்றேன். ஒரு பைக் வந்து என் பக்கத்தில் நின்றது. அவன்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“இன்னா சார், நீங்க இங்க? அக்கா ஊட்ல இல்லியே. வேற எங்கனா கீதான்னு கொஞ்சம் பாத்து சொல்லேன் சார்.” என் சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையை எடுத்து, பெயரைப் படித்துவிட்டு, திரும்பப் பையிலேயே வைத்துத் தட்டிக் கொடுத்தான். சுற்றிலும் அத்தனை கடைகள், அத்தனை ஜனங்கள். யாரையும் நான் கூப்பிடவில்லை.

“எனக்குத் தெரியாது” என்றேன். என் முகத்தையே வெகுநேரம் உற்றுப் பார்த்தான். நிஜமாகவே எனக்குத் தெரியாது என்பதால் பிழைத்தேன். தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. என்னைவிடத் தேவகிக்கு என்னைத் தெரிந்திருந்தது.

மறுநாள் அவர் பழையபடி சார் என்றார். “நடந்தத நீங்களே எழுதிக் குடுத்துடுங்க சார். நான் போட்டுக் குடுக்க மாட்டேன். ஆனா நீங்க எழுதலன்னா, உங்க கீழ நான் வேல பாக்க மாட்டேன்.” எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது, பதவி உயர்வு போனது. அவன் அந்தப் பெண்ணின் கணவன்தான்; மகளிர் காவல் நிலையத்தில் கூப்பிட்டு, இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் முகவரிக் கட்டத்தில் இன்றுவரை ஓர் அரசு அலுவலகத்தின் முகவரிதான் இருக்கிறது. அவர் குடியிருக்கும் இடம் எந்தக் கணினியிலும் இல்லை. தேவகிக்கு மட்டும் தெரியும். ஒருமுறை கேட்டதற்கு, “மனசுல கீது, அங்கியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

அயனம்பாக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் தேவகியைக் கிடத்தியிருந்தார்கள். மாலை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, சுவரோரம் முக்காட்டால் முகத்தை மறைத்து ஒரு பெண் நிற்பதைப் பார்த்தேன். கண்ணை மட்டும் வைத்தே தெரிந்துவிட்டது. உடனே வாசலைத்தான் பார்த்தேன், பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று. தேவகியின் அண்ணி என்னிடம் வந்து, “அந்தப் பொண்ணு யாரு சார்? எங்கேர்ந்து வந்துக்கீறன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது” என்றார்.

“எங்க ஆபீஸ்தாம்மா” என்றேன்.

உடலை எடுத்த பிறகு அந்தப் பெண் என்னருகே வந்தார். “நான் எங்க இருக்கேன்னு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும் சார். எனக்கு ஒண்ணு ஆனா யாருக்கும் தெரியாதே. உங்ககிட்ட சொல்லி வைக்கவா?”

“வேண்டாம்மா” என்று அவசரமாகச் சொன்னேன். “எங்கிட்ட சொல்லாதீங்க.” என் எண்ணை எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தடவை அழைத்தால் போதும், எங்கிருந்து என்று சொல்ல வேண்டாம், அழைப்பு வராவிட்டால் நானே நேராகக் காவல் நிலையத்துக்குப் போவேன் என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார். எந்தப் பக்கம் திரும்பினார் என்று பார்க்காமல் ஏரியைப் பார்த்து நின்றேன்.

தேவகியிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவருடைய பயம்தான். இதை எழுதும் நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோதும் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போன் அடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. இதுவரை அடித்திருக்கிறது.

அன்று துக்கத்துக்கு வந்திருந்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சுவரோரம் நின்ற அந்தப் பெண்ணை உங்களில் யாராவது கவனித்திருந்தால், தேவகிக்காக, தயவுசெய்து மறந்துவிடுங்கள்.