கிழக்கிலும் மேற்கிலும் ஜன்னல்

"வெளிச்சம் வேணும்ணா." அண்ணனிடம் அவ்வளவுதான் சொன்னேன். எந்தப் பக்கத்து வெளிச்சம் என்று சொல்லாமல் பட்டணத்துக்கு வர்ணம் வாங்கப் போய்விட்டேன்.

1991. ஓவியம் படித்து முடித்து ஊருக்கு வந்திருந்தேன். வல்லம் வடகால் என்ற எங்கள் கிராமத்தில், எங்கள் வயலோரம் ஒரு செங்கல் கொட்டாய், வடக்கே பார்த்த வாசல், உள்ளே உர மூட்டைகளும் உடைந்த ஏரும். அங்கே வரைந்துகொள்கிறேன் என்றதும் அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. உர மூட்டைகள் வீட்டுக்குள் போயின. யூரியா வாடையில் உட்கார்ந்து அண்ணி சோறு தின்றார்.

திரும்பி வந்தபோது சுவர்கள் திறந்திருந்தன. படப்பை ஊரில் இடித்த ஒரு பழைய வீட்டின் ஜன்னல்களை வாங்கி, சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டே வந்து, கடப்பாரையால் தானே உடைத்துக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று வைத்திருந்தார் அண்ணன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வருவோர் போவோரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"இன்னாப்பா, கொட்டாய்க்கு மாடி வூட்டு ஜன்னலு?" என்றார் பக்கத்து வயல்காரர்.

"எங்க பாப்பா படம் போட்றதுக்கு. சூரியன் ஏறசொல்லவும் தெரியும், எறங்கசொல்லவும் தெரியும்."

தெரிந்தது. அதுதான் வினை. படம் வரைய அலையாத வெளிச்சம் வேண்டும். வடக்கு வாசலை மறைக்காமல் விட்டாலே எனக்குப் போதும், நான் கேட்டது அதைத்தான். இப்போதோ காலையில் வெயில் படப் பலகை மேல் ஏறி உட்கார்ந்தது, மாலையில் எதிர்ச்சுவரிலிருந்து என் முதுகைச் சுட்டது. காலையில் வைத்த நீலம் சாயங்காலம் பழுப்பாகத் தெரிந்தது. எப்படிச் சொல்வது? கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

நெல்லுச் சாக்குகளை எடுத்து வந்து இரண்டு ஜன்னலிலும் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். வரப்பில் அண்ணனின் சைக்கிள் செயின் கடகடத்தால் போதும், இரண்டையும் உருவிப் பாய்க்கடியில் தள்ளிவிடுவேன். அவர் வருவார், தரையில் விழுந்த வெயிலைப் பார்ப்பார், படத்தைவிட அதைத்தான் அதிகம் பார்ப்பார். "நல்லா கீது," என்பார். எதைச் சொல்கிறார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அறுப்பு வந்தது. ஒருநாள் மத்தியானம் திடீரென்று மேகம் கட்டியது. செயின் சத்தம் இல்லை. களத்திலிருந்து அண்ணனும் அண்ணியும் ஓடியே வந்தார்கள்.

"நெல்லு அப்டியே கொட்டிக் கெடக்குது, சாக்கு பத்தல பாப்பா, இங்க எதுனா…" அண்ணி வாசலில் நின்றுவிட்டார். பின்னால் அண்ணன். சாக்கு எங்கே இருந்ததோ அங்கேதான் இருந்தது, ஜன்னலில்.

அண்ணன் உள்ளே வந்து ஒரு சாக்கைக் கழற்றினார். ஆணியைத் தொட்டுப் பார்த்தார்.

"வெயில வெளிய நிறுத்திட்டுத்தான் படம் போட்றியா? சொல்றதுக்கு இன்னா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் இன்னொரு சாக்கைப் பிடுங்கிக்கொண்டு களத்துக்கு ஓடினேன். நெல் நனையவில்லை.

மறுநாள் விடிந்ததும் அண்ணன் செங்கல்லும் சிமெண்டுமாக வந்துவிட்டார். "தொறந்தவரே மூடட்டும், உனுக்கு இன்னா," என்றார் அண்ணி, தண்ணீர்க் குடத்தை இறக்கிக்கொண்டே. ஒன்றாவது இருக்கட்டும் அண்ணா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கிழக்கே பாதி ஏறிவிட்டது. நான் கல் எடுத்துக் கொடுத்தேன், கிழக்குக்கும் பிறகு மேற்குக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் பலகையில் நிறங்கள் அடங்கி அடங்கித் தங்கள் இடத்துக்கு வந்தன. நீலம் நீலமாயிற்று. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம்.

"போதுமா பாப்பா?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேல அந்தச் சந்துல இன்னும் கொஞ்சம் வருதுண்ணா," என்றேன்.

கரண்டியில் கலவை அள்ளி, அதையும் அடைத்தார்.