தீவில் கிடைத்த சின்ன மனுசி

என் மனைவி நாலரை அடிக்கும் கொஞ்சம் குறைவு. கலியாணம் பேசும்போதே அது எனக்குத் தெரியும். ஊரிலிருந்து அனுப்பிய படத்தில் அவளை ஒரு சாப்பாட்டுமேசைக் கதிரைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்திருந்தார்கள். மறைக்க நினைத்திருந்தால் கதிரையை அப்புறப்படுத்தியிருப்பார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்துப்போனது.

அவள் பாரிசில் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி அவளை ஒரு பக்கமாக இருத்தி, பிஸ்கற் கொடுத்து, உன்னைக் கூட்டிப்போக யார் வருகிறார்கள் என்று அன்பாகக் கேட்டிருக்கிறாள். தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லை வைத்து, புருசன் வருகிறார் என்று இவள் சொன்னதும் அந்த அதிகாரி பதறிப்போய் மேலதிகாரியைக் கூப்பிட்டுவிட்டாள். பாஸ்போட்டில் இருந்த வயதை இரண்டு பேரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். வெளியில் பூச்செண்டோடு நின்ற எனக்கு இது ஒன்றும் தெரியாது. கடைசியில் அவள் வரும்போது கையில் இன்னும் அரைவாசி பிஸ்கற் இருந்தது. அதை எனக்குத் தந்தாள். அதுதான் அவள் எனக்குத் தந்த முதல் சாப்பாடு.

பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் உள்ள ஒரு புடவைக்கடையில் அவள் வேலை செய்கிறாள். நான் இரண்டு தெரு தள்ளி ஒரு உணவகத்தில் சமைக்கிறேன். காலையில் நாங்கள் குடியிருக்கும் சார்செலில் இருந்து ஒன்றாக ரயில் ஏறுவோம். மேல்தட்டில் உள்ள சாறிகளை எடுக்க முதலாளி அவளுக்கென்றே ஒரு மூன்றுபடி ஏணி வாங்கி வைத்திருக்கிறார். கடைக்குப் புதிதாக வரும் வெள்ளைக்காரர்கள், "அம்மா உள்ளே இருக்கிறாவா?" என்று அவளிடமே கேட்பார்கள். அவள் "நான்தான் அம்மா" என்பாள்.

எங்களுக்கு ஒரே மகள். என்னுடைய உயரம். பதின்மூன்று வயதிலேயே தாயைத் தலைக்கு மேலால் பார்க்கத் தொடங்கிவிட்டாள். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் நின்ற தாயைக் கண்ட சிநேகிதிகள், தங்கச்சியா என்று கேட்டிருக்கிறார்கள். மகள் அதை மறுக்கவில்லை. யாரோ வந்து அதை என் மனைவியிடம் சொன்னபோது, "நல்லதுதானே, எனக்கு வயது குறையுது" என்று சிரித்தாள். ஆனால் அன்று பின்னேரம் கழுவி அடுக்கிய கோப்பைகளை எடுத்துத் திரும்பவும் கழுவினாள். நான் துடைத்து வைத்தேன்.

தீபாவளி நெருங்கிக் கடையில் சனம் நிறைந்த நேரத்தில் அவளுக்குப் பல்வலி வந்தது. கன்னம் வீங்கிவிட்டது. உப்புத்தண்ணியும் கராம்பும் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு புதன்கிழமை சென் தெனியில் இருந்த ஒரு பல் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். புதன் பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லாததால் மகளும் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகாத உதவிப்பெண், பெயரைப் படித்துவிட்டு நேராக மகளின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போகப் பார்த்தாள். இவளைப் பார்த்து, "நீ அப்பாவோடு இரு, செல்லம்" என்றாள். வீங்கிய கன்னத்தைப் பொத்திக்கொண்டே என் மனைவி எழும்பி உள்ளே போய்ப் பல் பிடுங்கும் கதிரையில் ஏறி இருந்தாள். மகள் நிலத்தைப் பார்த்தபடி என் பின்னால் உள்ளே வந்தாள்.

வைத்தியர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பிரெஞ்சுப் பெண். எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதவிப்பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார். "இதோ பார், ஞானப்பல். நன்றாகத் தேய்ந்தும் இருக்கிறது. ஆள் யாரென்று பல் சொல்லிவிடும்." பிறகு விறைப்பூசி போட்டு, அது பிடிக்கும்வரை ஒரு கதை சொன்னார். இந்தோனேசியாவில் ஒரு தீவு. அங்கே ஒரு குகையில், ஆழமாகத் தோண்டிய குழிக்குள் ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. எலும்புகள் நனைந்த கடதாசிபோல மெத்தென்று இருந்தன. அளவைப் பார்த்துவிட்டு முதலில் ஒரு சின்னப் பிள்ளையுடையது என்றே நினைத்தார்கள். மண்ணைத் துடைத்துத் தாடையைப் பார்த்தால் ஞானப்பல் முளைத்து, தேய்ந்தும் இருந்தது. அது பிள்ளை இல்லை, வளர்ந்த பெண். உயரம் ஒரு மீற்றர்தான். எங்களைப்போன்ற மனுசியும் இல்லை, வேறொரு மனித இனம். அப்படி ஒரு இனம் இருந்ததே அதுவரை யாருக்கும் தெரியாது.

என் மனைவியின் வாயில் பஞ்சு. கேள்வி கேட்க முடியாமல் கண்ணை அகல விரித்து என்னையும் வைத்தியரையும் மாறிமாறிப் பார்த்தாள். பல்லைப் பிடுங்கும்போது ஒரு முனகல்கூட இல்லை. அவளுடைய யோசனை எல்லாம் அந்தத் தீவில் இருந்தது.

அடுத்த சில நாட்களுக்கு எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. கஞ்சி குடிக்கும்போதும் அவளுடைய ஒரு கையில் போன் இருந்தது.

"இஞ்சருங்கோ, அங்கை யானையும் இருந்திருக்கு."

"ஒரு மீற்றர் ஆளோ யானையோடை சீவிச்சது?"

"யானையும் சின்னன்தானாம். தீவிலை கனகாலம் இருந்தால் பெரிய மிருகங்கள் சின்னனாப் போகுமாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அங்கை எல்லாமே எட்டுற உயரத்திலைதான் இருந்திருக்கும், என்ன?" என்றாள்.

"ஓம், ஏணி தேவைப்பட்டிராது."

கடையில் அவளோடு வேலை செய்பவர் மன்னாரைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கப் பெண். நான் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோன ஒருநாள் இருவருக்கும் இதைப் பற்றித்தான் விவாதம்.

"அக்கா, அப்ப இவை ஆதாம் ஏவாளின்ரை பிள்ளையளோ, இல்லையோ? அதைச் சொல்லுங்கோ முதல்."

"அது எனக்குத் தெரியாது. ஆரின்ரை பிள்ளையளெண்டாலும் பல்லு முளைச்ச பெரிய மனுசி. குகைக்குள்ளை தனியச் செத்துப்போய்க் கிடந்திருக்கிறா."

மன்னார்ப் பெண் கையிலிருந்த சாறியை மடித்து வைத்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை கோயில்லை அவவுக்கும் சேர்த்து ஒரு செபம் சொல்லிவிடுறன்" என்றார். என் மனைவி தலையாட்டினாள். இரண்டு பேருமே விளையாட்டாகச் சொல்லவில்லை.

தீபாவளி வியாபாரம் முடிந்து கிடைத்த முதல் ஞாயிறு, பாரிசில் ஒரு அருங்காட்சியகத்தில் அந்த எலும்புக்கூட்டின் வார்ப்பு நகல் இருக்கிறது என்று கண்டுபிடித்து எங்களைக் கிளப்பிவிட்டாள். மகள் வரமாட்டேன் என்று பிரெஞ்சில் முணுமுணுத்தாள். "வாரும் பிள்ளை, வாசிச்சுச் சொல்ல ஆள் வேணும்" என்றேன். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். என் மனைவி அன்று தீபாவளிக்குக் கடையில் வாங்கிய புதுச் சாறி கட்டி, மேலே குளிருக்குக் கோட் போட்டிருந்தாள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற ஆயத்தம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மண்டையோடு இருந்தது. ஒரு தோடம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். பக்கத்தில், உயிரோடு இருந்தபோது இப்படித்தான் இருந்திருப்பா என்று செய்துவைத்த ஒரு முழு உருவம். குட்டைக் கால், நீளமான கை, பெரிய பாதம். முகம் மட்டும் வேலை முடித்து வீடு திரும்பும் ஒரு பெண்ணின் முகம்போல, களைத்து, ஆனால் பொறுமையாக இருந்தது.

என் மனைவி அதற்கு எதிரில் போய் நின்றாள். அந்த உச்சந்தலை இவளுடைய நெஞ்சுக்குத்தான் வந்தது. கலியாணமாகி இத்தனை வருசத்தில் ஒரு வளர்ந்த பெண்ணின் முகத்தை அவள் குனிந்து பார்த்ததை அன்றுதான் கண்டேன். என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களே" என்றாள். அவளுடைய முகத்தில் இருந்த சந்தோசத்துக்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

மகள் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுச் சுவரில் எழுதியிருந்ததை வாசித்துத் தாய்க்குச் சொல்லத் தொடங்கினாள். தமிழில் சொல் வராத இடத்தில் பிரெஞ்சு. கல்லில் ஆயுதம் செய்தார்கள். எப்படி அழிந்தார்கள் என்று சரியாகத் தெரியாது. நெருப்பு மூட்டினார்களா என்றும் நிச்சயமில்லை.

"சாப்பாட்டைப் பச்சையாவோ சாப்பிட்டவை?" என்று இவள் கவலைப்பட்டாள்.

அப்போது பக்கத்தில் நின்ற ஒரு வயதான மனிதர் மகளைப் பார்த்து, "உன் தங்கைக்கு இதில் எவ்வளவு ஆர்வம்" என்று புன்னகைத்தார். நல்ல மனிதர்தான். நான் வாயைத் திறக்கமுன் மகள் நிமிர்ந்து, "இவர் என்னுடைய அம்மா, ஐயா" என்று பிரெஞ்சில் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. அவர் மன்னிப்புக் கேட்டு, என் மனைவிக்குத் தலைகுனிந்து வணக்கம் சொன்னார். மகள் விட்ட இடத்திலிருந்து வாசிப்பைத் தொடர்ந்தாள். தாய், அதைக் காதில் வாங்காதவள்போல, மகளின் கோட் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள். வெளியே வரும்வரை விடவில்லை.

திரும்பும்போது மெத்ரோ ரயிலில் மூன்று பேருக்கும் ஒன்றாக இருக்க இடம் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு ஏதோ கதைப்புத்தகத்தில் வரும் குள்ளர்களின் பெயரைத்தான் செல்லப்பெயராக வைத்துவிட்டார்கள் என்று மகள் சொன்னாள். என் மனைவிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"வீட்டிலை வேறை பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பினம்" என்றாள்.

"அவையளுக்குக் கதைக்கத் தெரியுமோ எண்டே தெரியாது, அம்மா."

"கதைக்காட்டிலும் ஏதோ சத்தம் வைச்சுக் கூப்பிட்டிருப்பினம்தானே. தேடியிருப்பினம்."

மகள் கொஞ்சநேரம் இருட்டுச் சுவர் ஓடுவதை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஓம், தேடியிருப்பினம்" என்றாள்.

லா ஷப்பலில் இறங்கி முருங்கைக்காயும் கத்தரிக்காயும் ஒரு கணவாய்மீன் பொதியும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினோம். அன்றைக்குச் சமையல் என்னுடைய வேலை இல்லை என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். நான் வரவேற்பறையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருந்தேன். குசினிக்குள்ளிருந்து, கணவாய்க்கு எவ்வளவு தூள் போடுவதென்று பிரெஞ்சிலும் தமிழிலுமாக ஒரு வாக்குவாதம் கேட்டுக்கொண்டிருந்தது.