பஸ் ரீல்

போன வாரம் கோவில்பட்டியில் ஓர் ஓட்டலில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட உட்கார்ந்தேன். இந்த வயசில் இது தேவையா என்று கேட்காதீர்கள், மகள் ஆசைப்பட்டாள். வினிகரில் பச்சைமிளகாய் மிதக்கும் குப்பியை அவள் திறந்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பழைய படப்பெட்டியைத் திறந்தால் அடிக்கிற வாடை அதேதான். ஃபிலிம் கெட ஆரம்பித்தால் இப்படித்தான் புளித்து நாறும். தொண்ணூறுகளின் நடுவில் நாலு வருஷம் அந்த வாடையில்தான் பிழைத்தேன், ஒரு தியேட்டர் கேபினில் உதவி ஆபரேட்டராக.

அதைப் பெரிய உத்தியோகம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கே படம் காட்டுகிறவன் இல்லையா! காட்டியதெல்லாம் மதுரையிலிருந்து வரும் கீறல் விழுந்த பிரிண்டுகள். புதுப்படம் எங்கள் வாசலை எட்டிப் பார்க்காது.

எங்கள் மேட்னிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் விளாத்திகுளம், குளத்தூர்ப் பக்கத்து ஆட்கள். அந்தப் பக்கம் போகும் பஸ் ஐந்தே முக்காலுக்கு. அதை விட்டால் ராத்திரிதான் அடுத்தது. அதனால் படம் நீளமாக இருந்தாலும், கரண்டு போய்த் தாமதமானாலும், கதைக்குப் பாதகமில்லாத ஒரு ரீலை ஓட்டாமல் தூக்கி வைத்துவிடுவோம். எங்கள் கேபினில் அதற்குப் பெயர் பஸ் ரீல். அதில் யார் அழுதார்கள், யார் பாடினார்கள் என்பதெல்லாம் எங்களுக்கு எதற்கு? பஸ் கிடைத்தால் ஜனங்கள் சந்தோஷம், நாற்காலி உடையாவிட்டால் முதலாளி சந்தோஷம்.

ஒரு சனிக்கிழமை காலையில் ராஜபார்ட் வேலுச்சாமி வந்தார். அறுபத்தைந்து வயசிருக்கும். பிடரி வரை முடி, மை போட்ட மீசை, வெள்ளை ஜிப்பா. வயிற்றுப்பாட்டுக்காகப் பத்து வயசில் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிடப்பட்டவர். ஆரம்பத்தில் பெண் வேஷம், குரல் உடைந்ததும் ராஜா வேஷம். இந்தக் கரிசல்காட்டில் அவர் பாடாத கோயில் கொடைத் திருவிழா இல்லை. நடுவில் மெட்ராசுக்குப் போய், ஆறு வருஷம் கூட்டத்தோடு கூட்டமாக நின்றதில், ஒரே ஒரு படத்தில் உருப்படியான வேஷம் கிடைத்தது. ராஜா முன்னால் சங்கிலியோடு நின்று, மூச்சுவிடாமல் வசனம் பேசும் தளபதி. படம் வெளியானபோது அவர் நாடகத்துக்காக இலங்கையில் இருந்தார். திரும்பி வருவதற்குள் படப்பெட்டி மெட்ராசைவிட்டே போயிருந்தது, இந்தப் பக்கம் வரவே இல்லை. தான் நடித்ததைத் தானே பார்க்காத மனுஷன்! அந்தப் படம்தான் அந்த வாரம் எங்கள் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அவருக்கு மிளகாய் விவசாயம். நாடகத்துக்குக் கூப்பிட்ட கோயில்களெல்லாம் ரெக்கார்டு டான்சுக்கு மாறிவிட்டன. சினிமாவில் நடித்தேன் என்று அவர் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள், எல்லாரையும்விட அதிகமாக அவர் மகன் சிரிப்பானாம்.

“நாளைக்கு மகனையும் நாலு சனத்தையும் கூட்டிட்டு வாரேன் தம்பி. பன்னெண்டாவது ரீலுன்னு மெட்ராசுல சொன்னாக. அதுல நான் இருக்கேனான்னு ஒரு எட்டு பாத்துச் சொல்லுதீங்களா?” என்றார்.

கேபினுக்குள் வெளியாளை விடக்கூடாது என்பது முதலாளி உத்தரவு. நானே ஏறிப்போய் ரீலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இளவயசு, ஆனால் அதே மூக்கு, அதே முழி. படியில் நின்று கத்தினேன்.

“இருக்கீங்கய்யா! சங்கிலியோட நிக்குதீங்க!”

அவர் கீழே நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பஸ்ஸில் இருபது பேரோடு வந்திறங்கினார். மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைக்குப் பார்த்துப் பாழாய்ப்போன கரண்டு அரைமணி நேரம் போய்த் தொலைந்தது. இடைவேளை முடிந்ததும் ஆபரேட்டர் அண்ணாச்சி, “ஏலே, பஸ் ரீலத் தூக்கிரு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அந்தப் படத்துக்கு முதல் நாளிலிருந்தே பஸ் ரீல் பன்னிரண்டுதான். என் கை பழக்கத்தில் பதினொன்றுக்கு அடுத்துப் பதின்மூன்றை மாட்டியது. அது ஓடத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தி மாற்றியிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. விசிலடிப்பார்கள், அண்ணாச்சி காது கிழிகிற மாதிரி வைவார், அவ்வளவுதான். அதற்குப் பயந்துகொண்டு சும்மா நின்றேன்.

படம் முடிந்ததும் அவர் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார். பக்கத்தில் மகன்.

“தம்பி, இருக்குன்னு சொன்னீங்களே?”

அண்ணாச்சி எனக்குப் பின்னால் நின்றார். ரீலைத் தூக்கிய சங்கதி வெளியே தெரிந்து படக் கம்பெனிக்காரர்கள் காதுக்குப் போனால் வேலை போய்விடும்.

“நேத்து நான் பாத்தது வேற ஆளு போலுக்கய்யா. இந்தப் படத்துல நீங்க இல்ல” என்றேன்.

எப்படித்தான் வாய் வந்ததோ! பன்னிரண்டாவது ரீல் எனக்கு நாலடி பின்னால் தகரப் பெட்டியில் கிடந்தது.

மகன் சிரிக்கக்கூட இல்லை. “போதும்யா, மானம் போவுது. வாங்க, பஸ்ஸு போயிரும்” என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு, எப்போதாவது ஒரு கொடைக்குக் கட்டிய வேஷத்தையும் அவர் கட்டவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நான் வேலையை விட்டு மூன்று நான்கு வருஷம் கழித்து, மனசு கேட்காமல் டிவிஎஸ் ஐம்பதை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். முற்றத்தில் கட்டிலில் கிடந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வைவார், காறித் துப்புவார் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் தேவலை. எழுந்து உட்கார்ந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப என்னைய வெட்டலையா தம்பி? நான் நடிச்சது சரியில்லன்னு வெட்டிட்டு, வேற ஆளப் போட்டுட்டாகன்னுல்லா நெனச்சிட்டுக் கெடந்தேன்.”

பிறகு மகனைக் கூப்பிட்டார். “ஏலே, இங்கன வா. இவுக சொல்லுததக் கேளு.” மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மிளகாய்ச் சாக்கைத் தைத்தபடியே கேட்டான்.

“எங்க அய்யா ஒங்கள எங்கன புடிச்சாக? வசனம் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காக” என்றான்.

பெரியவர் என் கையை விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். அந்தப் பிரிண்டைத் தேடி மதுரைக்கு இரண்டு முறை போனேன். பழைய பெட்டிகளையெல்லாம் மொத்தமாகக் கழித்துவிட்டோம் என்றார்கள். சங்கிலியோடு நிற்பது அவர்தான் என்று தெரிந்து பார்த்தவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தன்தான். அது அவர் இல்லை என்று சொன்னவனும் நான்தான்.